பகலில் தூங்குகிறவர்

ஜூலை 14, திங்கள்

நேற்று மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரு வீட்டை உடைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தார்களாம். பீரோவிலிருந்த பட்டுப்புடவைகளை மடிப்புக் கலையாமல் கட்டிலில் அடுக்கிவிட்டு நகையை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன், என் மாணவர்களில் ஒருவனிடமும் இந்த ஒழுங்கைக் கண்டதில்லை. இந்த வருடத்தில் இது நான்காவது திருட்டு. செண்பகா நகர் என்று பெரிய வளைவு வைத்தவர்களுக்குத் தெருவுக்கு ஒரு விளக்கு வைக்கத் தோன்றவில்லை. பாதி மனைகளில் கருவேலம் புதர். பைக்கைத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் புதுக்கோட்டை ரோடு.

சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வீடு வீடாக அச்சடித்த தாள் கொடுத்தார். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லுங்கள், தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள், கழுத்து நகையை மூடிக்கொள்ளுங்கள்.

“வீட்ல சார் இருக்காங்களாம்மா?” என்று கேட்டார்.

“தூங்குறாங்க. ராத்திரி வேலை” என்றேன்.

அவர் கண் வாசலில் கிடந்த ஆண் செருப்புக்குப் போனது. சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்பதாம் நம்பர் செருப்பு. வாங்கிய அன்றே சிமெண்டில் தேய்த்துப் பழசாக்கினேன். வாரம் இரண்டு முறை இடம் மாற்றிப் போடுகிறேன். கொடியில் மூன்று சட்டைகள், முறை வைத்துக் காய்கின்றன. அழுக்கே இல்லாத சட்டையை அலசுவது அலுப்பான வேலை. பால் இரண்டு பாக்கெட். சில ராத்திரிகளில் ஜன்னலருகே நின்று ஆண்பிள்ளை மாதிரி இருமுவேன். திருத்துவதற்கு விடைத்தாள் கட்டு கொண்டுவரும் கூரியர்காரர் மணி அடித்தால், உள்பக்கம் திரும்பி, “ஏங்க, நீங்க எழுந்திரிக்காதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் திறப்பேன். கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு லென்ஸ்.

இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு மாதம் ஆகிறது. என் கணவர் மனோகரன் இங்கே ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. அவருக்கு ஓசூரில் வேலை. தனியாக ஒருத்தி இருக்கிறாள் என்று தெருவுக்குத் தமுக்கடிக்க முடியுமா? தெருவைப் பொறுத்தவரை அவர் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு இரவெல்லாம் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார். பகலெல்லாம் தூங்குகிறார்.

ஜூலை 17, வியாழன்

சுகந்தி முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள். இருபத்தெட்டு வயது. வாசல் படியைத் தாண்டி நான் யாரையும் உள்ளே விடுவதில்லை என்பதால் படியிலேயே உட்கார்ந்து பேசினோம். அவள் மகள் யாழினிக்கு நாலு வயது. என் வீட்டு கேட் வந்ததும் உதட்டில் விரல் வைத்து, “மாமா தூங்குறாங்க” என்று ரகசியமாகச் சொல்கிறது. இந்தத் தெருப் பிள்ளைகள் என் வீட்டுக்கு எதிரே மட்டும் கத்தாமல் விளையாடுகின்றன. வகுப்பில் இருபத்திரண்டு வருடம் நான் வாங்க முடியாத அமைதி.

சுகந்தியின் கணவன் பிரபாகர் லேத் பட்டறைக்குக் காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருகிறான்.

“சார் பகல்ல வீட்ல இருக்கறது எனக்கு எவ்வளவு தைரியம் தெரியுமாக்கா? இந்த வரிசைல பகல்ல ஆம்பளை இருக்கற ஒரே வீடு உங்களுதுதான். ஏதாவதுன்னா உங்க வீட்டுக்குத்தான் ஓடியாருவேன்.”

“வா, அதுக்கென்ன” என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

காலியிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். வீட்டுக்கு ஒரு ஆண் முறை வைத்து இரவில் காவல் சுற்றுவது என்று தீர்மானம். ஓய்வுபெற்ற தாசில்தார் பட்டியலைப் படித்தார். என் வீட்டு எண் வந்ததும் நிறுத்தினார்.

“மேடம், சாரை ஒரு தடவை கண்ல காட்டுங்க. ஒன்றரை வருஷமாச்சு, முகமே பார்த்ததில்ல.”

“அவருக்கு அந்த நேரத்துலதான் வேலை. பகல் வெயிலும் ஆகாது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சுகந்தி எழுந்து, “பகலுக்குக் காவல் அவங்கதானே சார், விடுங்க” என்று எனக்காகப் பேசினாள்.

ஜூலை 22, செவ்வாய்

நீலச் சட்டையில் பொத்தான் விழுந்துவிட்டது. தைத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. சுகந்தி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு வீட்டு கேட்டைத் திறக்கும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் தாலிச் சங்கிலியைப் பறித்துவிட்டார்கள். இவள் விடவில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தள்ளியிருக்கிறார்கள். இடது முழங்கை முறிந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி அறுத்த காயம்.

நான் குளியலறையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன். குழாய் திறந்திருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு மும்தாஜ் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

யாழினியைப் பள்ளியிலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். தயிர்சாதம் பிசைந்து படியில் உட்காரவைத்து ஊட்டினேன். குழந்தை வழக்கம்போல் சத்தமில்லாமல் சாப்பிட்டது.

ஜூலை 26, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு ஆரஞ்சு, ஒரு பிஸ்கட் பாக்கெட். சுகந்தியின் கழுத்தில் கட்டு. கட்டுக்கு மேல், மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயிற்றில் கோத்து அவள் மாமியார் கட்டியிருந்தார். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் வைத்துப் பிரபாகர் கையால் புதுத் தாலி கட்டிவிடலாம் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் டாக்டரைப் பார்க்கப் போனதும் சுகந்தி என் பக்கம் திரும்பினாள்.

“நான் உங்க வீட்டுக் கதவத்தான்க்கா தட்டினேன்.”

“நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்மா” என்றேன். குளியலறை ஏன் வாயில் வரவில்லை என்று தெரியவில்லை.

“தெரியும்க்கா. நீங்க இருந்தா திறந்திருப்பீங்க.” கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். “ஆனா சார் உள்ள இருந்தாங்க. நான் தட்டத் தட்ட உள்ளருந்து இன்னொரு தாழ்ப்பாள் போட்டாங்க. சத்தம் கேட்டுச்சு.”

ஆரஞ்சை உரிக்கட்டுமா என்று கேட்டேன்.

ஜூலை 28, திங்கள்

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பால் பூத்தில் மும்தாஜ் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஒரு பொம்பளப் புள்ள ரத்தத்தோட வந்து கதவ இடிக்குது. உள்ள தாழ்ப்பாள் போடுறவன் என்ன மனுஷன்?”

“பயந்துட்டார் போல” என்றேன்.

“த்தூ” என்றாள். என்னைப் பார்த்து இல்லை.

வீட்டுக்கு வந்து நாற்பது விடைத்தாள் திருத்தினேன். உள்ளதைச் சொன்னால், மும்தாஜ் துப்பியபோது எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மனோகரனை ஊரே காறித் துப்ப வேண்டும் என்று நான் மூன்று வருடமாக ஆசைப்பட்டிருக்கிறேன். ஓசூரில் வேலை என்று எழுதியிருந்தேன் அல்லவா? வேலையும் இருக்கிறது. கூடவே என்னைவிடப் பதினொரு வயது சின்னவளான ஒருத்தியும், அவளுக்கு ஒரு ஆண் குழந்தையும். என் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள்தான். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அதனால்தான் வேலையை விட்டேன், அதனால்தான் யாருக்கும் என்னைத் தெரியாத இந்தப் பொட்டல் நகருக்கு வந்தேன். திருடனுக்குப் பயந்து மட்டும் செருப்பு வாங்கவில்லை.

ஜூலை 30, புதன்

போலீஸ்காரர் மறுபடி வந்தார். சார் எதையாவது பார்த்திருந்தால் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். ஆபீஸ் வேலையாக ஓசூர் போயிருக்கிறார் என்றேன். முதல் தடவையாக அவரை உண்மையான ஊரில் வைத்துச் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

மும்தாஜ் வாசலில் நின்று, குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

“டீச்சர், உங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு தெரியல. சுகந்தி வீட்ல பெரிய ரகளை. அவ கேட்டுலருந்து வந்தா முதல்ல தாசில்தார் வீடு, அடுத்து என் வீடு. ரெண்டு வீட்லயும் ஆள் இருந்தோம். ரெண்டையும் தாண்டி எதுக்கு அந்த ஆளு வீட்டுக்கு ஓடுனேன்னு பிரபாகர் கேக்கறானாம். பகல் பூரா வீட்ல இருக்கற ஆளு, வெளியில முகம் காட்டாத ஆளு, அவனுக்கும் உனக்கும் என்ன பழக்கம்னு. மாமியாக்காரி வேற எண்ணெய் ஊத்துது. கூட்டத்துல அந்தாளுக்குப் பரிஞ்சு பேசினாளாமே, அதையும் பிடிச்சுக்கிட்டாங்க.”

“சேச்சே” என்றேன்.

“உங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை வந்து பேசச் சொல்லுங்களேன். அந்தப் பொண்ணு முகத்த ஒழுங்காப் பாத்ததுகூட இல்லன்னு சொல்லட்டும்.”

அவர் ஓசூரிலிருந்து வரட்டும் என்றேன். என்னத்தைச் சொல்ல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. விடிந்ததிலிருந்து பஸ் எல்லாம் கூட்டம். தாசில்தார் வீட்டு அம்மாள் காதோலை கருகமணியோடு காவிரிக்குப் போனார். போகும்போது என்னையும் கூப்பிட்டார். தலைவலி என்றேன். நான் கழுத்தில் போட்டிருப்பது கவரிங் சங்கிலி. அதற்குக் கயிறு மாற்றக் காவிரி வரை போவானேன்.

சுகந்தி போகவில்லை. பிரபாகர் பட்டறைக்குப் போய்விட்டானாம். ஞாயிற்றுக்கிழமையில், பெருக்கு அன்றைக்கு. எனக்கு முதலில் விவரம் தெரியட்டும், அப்புறம் தாலி கட்டுவதைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

யாழினி கேட்டில் தொங்கிக்கொண்டு தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. சத்தமாக.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்த வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளிக்கவே இல்லை.

கூடத்தில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு அலறல். பிறகு கேட் இடிபடுகிற சத்தம். எழுந்து கதவருகில் போனேன். கதவைத் தட்டினாள், உள்ளங்கையால் அறைந்து தட்டினாள். “அக்கா, கதவத் திறங்க. சார், சார்” என்றாள். மேல் தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தது. நான் நடுத் தாழ்ப்பாளையும் போட்டேன். சத்தமில்லாமல் போடப் பார்த்தேன், அது எண்ணெய் காணாதது, கிரீச்சென்றது. வெளியே தட்டுவது ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் பலமாகத் தட்டினாள்.

பயம்தான். வேறென்ன? திறந்தால் அவர்களும் கூடவே உள்ளே வந்துவிட்டால்? போலீஸ் தாளிலேயே எழுதியிருக்கிறது. ஒற்றைப் பெண் நான் என்ன செய்துவிட முடியும்?

இதை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வீட்டில் ஆம்பளை கிடையாது என்று பிரபாகரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், அவன் சந்தேகம் காற்றாய்ப் போய்விடும். ஆனால் நாளையிலிருந்து நான் தனியாள் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும், தெருவுக்குத் தெரிந்தது திருடனுக்குத் தெரியும். புருஷன் விட்டுப் போனவள் என்பதும் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. ஆம்பளை இல்லை என்றால், தாழ்ப்பாள் போட்ட கை என்னுடையது.

ஆகஸ்ட் 6, புதன்

போகவில்லை. சுகந்தியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று மும்தாஜ் சொன்னாள். மணப்பாறைக்கு. குழந்தையை இங்கேயே வைத்துக்கொள்வார்களாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஆறரைக்கு, பிரபாகர் பட்டறைக்குக் கிளம்புவதற்குள் போய்விட்டேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமியார் பரிமாறிக்கொண்டிருந்தார். சுகந்தி கட்டுப் போட்ட கையோடு ஒரு பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, எங்க வீட்ல ஆம்பளையே கிடையாது” என்றேன்.

அவன் இட்லியைப் பிட்ட கையோடு என்னைப் பார்த்தான். சொன்னேன். மூன்று வருடக் கதையை நாலு வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. ஓசூர், அந்தப் பெண், குழந்தை. செருப்பு நான் வாங்கியது. சட்டை நான் காயப்போடுவது. இருமியதும் நான்தான்.

நம்பவில்லை. “அவரைக் காப்பாத்த வந்து பேசறீங்களா டீச்சர்?” என்றான்.

“கை கழுவிட்டு வா. வீட்டைப் பாரு” என்றேன்.

வந்தான். அவன் அம்மாவும் வந்தார். பதினெட்டு மாதத்தில் என் வீட்டுக்குள் கால் வைத்த முதல் ஆண் அவன்தான். கூடம், சமையலறை, படுக்கையறை என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். ஒற்றைக் கட்டில். ஒரு தலையணை. அலமாரியில் பாதிக்கு மேல் விடைத்தாள் கட்டு. அந்த அம்மாள் குளியலறையையும் எட்டிப் பார்த்தார். ஒரு சோப்பு டப்பா, ஒரு பிரஷ். பிரபாகர் கூடத்துக்கு நடுவில் வந்து நின்றான். நாற்காலி ஒன்றுதான் என்பதால் உட்காரச் சொல்ல முடியவில்லை.

“மன்னிச்சுக்குங்க டீச்சர்” என்றான்.

“என்கிட்ட இல்ல, அவகிட்ட கேளு” என்றேன். டீச்சர் குரல் தானாக வந்தது.

“ஏம்மா, இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?” என்றார் அம்மாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாவம், நீ ஒண்டியா என்ன பண்ணுவ” என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

பிரபாகர் படியிறங்கும்போது நின்று, “அப்ப அன்னைக்கு...” என்று ஆரம்பித்தான். அம்மாள், “வாடா, அந்தப் புள்ள தனியா இருக்கு” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல வேளை.

சுகந்தி அவர்கள் வீட்டு வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சமயபுரத்தில் வைத்துப் பிரபாகர் தாலி கட்டினான். சுகந்தி வீட்டுப் பிரசாதத்தை மும்தாஜ் கொண்டுவந்து கொடுத்தாள். தெருவில் ஒருத்தர் விடாமல் என்னிடம் வந்து பேசிவிட்டார்கள். “எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்கிறார்கள். தாசில்தார் தன் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார், எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லி. மும்தாஜின் பெரிய பெண் இரவில் வந்து படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். எல்லாருக்கும் நான் ஒரே நாளில் பாவப்பட்டவளாகவும் தைரியசாலியாகவும் ஆகிவிட்டேன். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றத் தன் மானத்தை விட்டாள் என்று தாசில்தார் வீட்டம்மாள் சொன்னாராம்.

தாழ்ப்பாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

நாற்பத்தைந்து விடைத்தாள். கூட்டல் பிழை இரண்டு இடத்தில். என்னுடையது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதினொரு மணிக்குச் சுகந்தி வந்தாள். கழுத்தில் புதுத் தாலி, மஞ்சள் கயிற்றில். காயம் கருத்து வடுவாகியிருக்கிறது. கதவைத் திறந்து, “உள்ள வா” என்றேன். அவள் படியிலேயே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்கம் கெட்ட மனசு.

“அவருக்குச் சொல்லிட்டீங்க. எனக்கு இன்னும் சொல்லலியேக்கா” என்றாள்.

“என்ன?”

“நீங்க மார்க்கெட்ல இருந்தீங்க. சார்னு ஒருத்தர் இல்லவே இல்ல. அப்ப தாழ்ப்பாள் போட்டது யாரு?”

இந்தக் கேள்வி வரும் என்று ஐந்து நாளாக எனக்குத் தெரியும். பதிலும் தயாராக இருந்தது.

“நான்தான். பயந்துட்டேன் சுகந்தி. அவங்க உள்ள வந்துடுவாங்களோன்னு.”

அவள் கோபப்படவில்லை. கட்டுப் போட்ட கையை நல்ல கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திரும்பிப் பார்த்தாள். லென்ஸைத்தான் பார்த்தாள்.

“நான் வந்து தட்டும்போது பைக் போயிருச்சுக்கா. தெருமுனைல திரும்பறதப் பாத்துட்டுத்தான் ஓடியாந்தேன். நீங்க அதுல பாத்தீங்கதானே? நான் ஒருத்திதானே நின்னேன்?”

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. பதற்றத்தில் லென்ஸ் வழியாகப் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அல்லது நம்பியதுபோல் எழுந்து போயிருப்பாள்.

“பாத்தேன்” என்றேன்.

“என் கழுத்தப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்புறம் எதுக்குப் பயந்தீங்க?”

சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுத முடியாமல் வைத்திருந்ததை அவளிடம் வாயால் சொன்னேன். கதவைத் திறந்தால் அவளை உள்ளே கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். சார் எங்கே, சாரை எழுப்புங்கள் என்று அவள் கேட்பாள். ஒரே ஒரு நாற்காலியைப் பார்ப்பாள். ரத்தம் வழிய நின்றவளை லென்ஸில் பார்த்துக்கொண்டு, என் புருஷன் என்னை விட்டுப் போனது இவளுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அதற்குத்தான் இரண்டாவது தாழ்ப்பாள்.

சொல்லி முடித்ததும் அவள் அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. தெருக்கோடியில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

“இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள். “அவர்கிட்டயும் மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க.”

“எனக்காகவா மறைக்கிற? வேண்டாம் சுகந்தி.”

“தெரிஞ்சா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா இந்தத் தெருல யாரும் கதவத் திறக்க மாட்டாங்கக்கா. நீங்க தனியா இருக்கீங்க.”

எழுந்து, ஒற்றைக் கையால் புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள். கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினாள், பழக்கம். நான் அவளைவிட இருபத்தொரு வயது பெரியவள்.